மாணவர் சுற்றுலாவும் மலிவு விடுதிகளும்

ஜோர்ஜ்டவுனுக்கு மாணவர்களைச் சுற்றுலா அழைத்துவரும் பிற மாநிலத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், மாக் மண்டினில் இருக்கும் என்னிடம் கேட்பது ஒன்றே: "ஐயா, தலைக்கு எத்தனை ரிங்கிட்டில் விடுதி கிடைக்கும்?" தீப்பிடித்தால் பிள்ளைகள் எவ்வழியே வெளியேறுவர் என்று கேட்டவர் எவருமிலர். இப்போக்கு கண்டிக்கத்தக்கது.

லவ் லேன், சூலியா சாலைப் பகுதியின் மலிவு விடுதிகளுள் பல பழைய கடைவீடுகளே. முகப்பு குறுகியது, உள்ளே நீண்டு செல்லும், மேல்தளம் பெரும்பாலும் பலகை. 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதி பெற்ற நகரில் அத்தகைய வீட்டில் தங்குவது இனிய அனுபவந்தான், மறுக்கவில்லை. ஆயினும் நாற்பது மாணவருக்கு ஒரே மரப்படிக்கட்டு போதுமா?

ஆஸ்திரேலியாவின் சில்டர்ஸ் நகரில், 2000 ஜூனில், மலிவு விடுதியொன்றில் 15 இளம் பயணிகள் தீயில் மாண்டனர். சன்னலில் கம்பி, வெளிவாசலை மறித்தபடி ஈரடுக்குக் கட்டில், எச்சரிக்கை மணியோ ஒலிக்கவில்லை. எங்கோ நடந்தது என்பீர்களா? 2017 செப்டம்பரில் நம் கோலாலம்பூரிலேயே சமயப்பள்ளி விடுதியொன்றில் 23 உயிர்கள் போயின. அங்கும் சன்னல் கம்பிகள் தப்பவிடவில்லை.

கட்டணம் உயர்ந்தால் பெற்றோர் முணுமுணுப்பர் என்கின்றனர். முணுமுணுக்கட்டும்! பெற்றோரே, ஒப்புதல் கடிதத்தில் கையொப்பமிடுமுன் விடுதியின் பெயரைக் கேளுங்கள். ஆசிரியர்களே, முன்பணம் கட்டுமுன் ஒருவராவது நேரில் சென்று பின்கதவைத் திறந்து பாருங்கள். பூட்டியிருந்தால் சாவி எங்கே என வினவுங்கள். "தேடிப் பார்க்கிறேன்" என்று பதில் வந்தால், வேறு விடுதி பாருங்கள்.