எல்ம் மர வில்லும் வில்லே

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

இங்கிலாந்தின் நெடுவில்லைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே மரத்தைத்தான் போற்றுகின்றனர். அது யூ மரம். 1346-இல் கிரெசியிலும் 1415-இல் அஜின்கோர்ட்டிலும் பிரெஞ்சுக் குதிரை வீரரைத் தடுத்து நிறுத்திய வில் யூ மரத்தாலானது. ஆகவே வேறு மரத்தில் செய்த வில் வடிவில் ஒத்திருந்தாலும் போலியே என்பது இவர்களுள் பலருடைய தீர்ப்பு. இன்றும் ஒருவர் ஆஷ் மரத்திலோ ஹிக்கரி மரத்திலோ நெடுவில் செய்து காட்டினால், ‘எல்லாம் சரி, யூ இல்லையே’ என்று உதட்டைப் பிதுக்குவோர் உண்டு. இத்தீர்ப்பு வரலாற்றுக்கும் ஒவ்வாது, நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியலுக்கும் ஒவ்வாது என்பது என் கருத்து.

யூ மரத்துக்குரிய பெருமையை முதலில் கொடுத்துவிடுவோம். வில்லை வளைக்கும்போது வில்லாளிக்கு அப்பால் உள்ள பக்கம் நீள்கிறது. அதை வில்லின் முதுகு என்பர். வில்லாளியை நோக்கிய பக்கம் அமுங்குகிறது, அது வயிறு. யூ மரத்தில் வெளியே இருக்கும் வெளிறிய சாற்றுக்கட்டை இழுவிசையை நன்கு தாங்கும். உள்ளே வைரம் பாய்ந்த செம்பழுப்புக் கட்டை அமுக்கத்தை நன்கு தாங்கும். இவ்விரண்டும் கூடும் இடத்தில் கோலைப் பிளந்தெடுத்தால், இருவேறு பொருள்களைப் பசையிட்டு ஒட்டியது போன்றதொரு வில்லை இயற்கையே தந்துவிடுகிறது. இங்கிலாந்தில் வளரும் மரங்களுள் இதற்கு இணை இல்லை. இதை மறுத்து வழக்காடுவது வீண்.

ஆனால் அந்த மரம் இங்கிலாந்தில் போதிய அளவு இருந்ததா? இல்லை. 1472-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, இங்கிலாந்துத் துறைமுகங்களுக்கு வரும் வணிகர் டன் ஒன்றுக்கு நான்கு வில்கோல்கள் வீதம் சரக்கோடு கொண்டுவர வேண்டும் என்று விதித்தது. ஆல்ப்ஸ் மலைச்சாரலில் வெட்டிய யூ மரம் வெனிஸ் வழியாகக் கப்பலேறி வந்தது. அதுவும் போதவில்லை. எட்டாம் ஹென்றி காலத்தில் 1541-இல் இயற்றிய சட்டம் நம் கவனத்துக்குரியது. வில் செய்வோர் யூ மரத்தில் ஒரு வில் செய்தால் எல்ம், ஆஷ் முதலிய மரங்களில் நான்கு வில் செய்தாக வேண்டும் என்றது அது. அதே சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. குறிப்பிட்ட அளவு நிலமோ பொருளோ இல்லாத குடும்பத்தில் பிறந்த பதினேழு வயதுக்குட்பட்ட பையன் யூ வில்லைத் தொடக் கூடாது, மீறினால் அபராதம்.

இந்த விதியைப் படித்ததிலிருந்து எனக்கு அந்தப் பையன்மீதுதான் நாட்டம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான் என்பது அதற்குக் காரணமாக இருக்கலாம். ஞாயிறுதோறும் ஊர்த் திடலில் அவன் கை பழகியது எல்மிலும் ஆஷிலும்தான். யூ வில்லை வளைக்கும் தோளை அவனுக்குக் கொடுத்தவை அந்த ‘மட்ட’ மரங்களே. சட்டத்தின் கணக்குப்படி பார்த்தாலும் ஐந்து வில்லில் நான்கு அவனுடையவை. அவற்றை ஆங்கில நெடுவில் அல்ல என்று சொன்னால், எஞ்சும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் வில்வித்தை வரலாற்றை எப்படி எழுதுவது?

எஞ்சிய ஒன்று மட்டும் நம் கண்ணுக்குத் தெரிவதற்கும் காரணம் உண்டு. 1545-இல் சாலன்ட் நீரிணையில் ‘மேரி ரோஸ்’ என்ற அரசுப் போர்க்கப்பல் மூழ்கியது. 1982-இல் அதன் உடற்பகுதியைக் கடலுக்கடியிலிருந்து தூக்கினர். கப்பலிலிருந்து 170-க்கு மேற்பட்ட விற்கள் கிடைத்தன, அத்தனையும் யூ. இன்று எஞ்சியுள்ள அக்காலத்து விற்களில் மிகப் பெரும்பாலானவை இவையே. மன்னனின் கப்பலில் மன்னனின் பணத்தில் வாங்கிய வில் இருந்ததில் வியப்பில்லை. கடற்சேறு அவற்றைக் காப்பாற்றியது. உழவன் வீட்டு எல்ம் வில்லுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. முறிந்த அன்றே அது அடுப்புக்குப் போயிருக்கும்.

கப்பல் மூழ்கிய அதே 1545-இல்தான் கேம்பிரிட்ஜ் அறிஞர் ரோஜர் ஆஸ்கம், வில்வித்தை பற்றிய தம் ‘டாக்சோஃபிலஸ்’ என்னும் நூலை வெளியிட்டார். எல்ம், ஆஷ் போன்றவை வில்லுக்குத் தாழ்ந்தவை, யூவே சிறந்தது என்று அதில் முடிவு கட்டினார். பிற்காலத்தவர் பலர் அவரையே வழிமொழிந்தனர். ஆனால் அவருக்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1188-இல் வேல்ஸ் நாட்டில் பயணம் செய்த ஜெரால்ட் என்ற குருவானவர், குவென்ட் பகுதி மக்களின் வில்லைப் பற்றிக் குறிப்பு எழுதியிருக்கிறார். அது யூ அல்ல. இழைத்து மெருகிடாத, கரடுமுரடான எல்ம். அபர்கவென்னிக் கோட்டை முற்றுகையில் அந்த விற்களிலிருந்து வந்த அம்புகள் ஓர் உள்ளங்கை அளவு தடித்த ஓக் கதவைத் துளைத்தன என்றும் அவர் சொல்கிறார். ஆஸ்கம் படித்துச் சொன்னார், ஜெரால்ட் கேட்டுச் சொன்னார் என்று நான் பிரிக்க வரவில்லை. எல்மைத் தாழ்ந்தது என்னும்போது இந்தக் கதவையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறேன்.

இனி இயற்பியலுக்கு வருவோம். செய்முறை வகுப்பில் மர மீட்டர் அளவுகோலை இரு கத்தி விளிம்புகள்மீது வைத்து, நடுவில் எடைகளைத் தொங்கவிட்டு, நகரும் நுண்ணோக்கியால் இறக்கத்தை அளந்து யங் குணகம் காண்கிறோம். அந்தச் சூத்திரத்தில் அகலம் ஒருமடியாகவும் தடிமன் மும்மடியாகவும் வருகின்றன. (தடிமனை அளக்கும்போது திருகு அளவி சிறிது பிசகினாலும் விடை எங்கோ ஓடிவிடும் என்று ஆய்வுக்கூடத்தில் எச்சரிப்பது இதனால்தான்.) வில் செய்பவன் இந்தச் சூத்திரத்தைப் படித்ததில்லை, ஆனால் அவனுடைய இழைப்புளிக்கு அது தெரியும்.

மரத்தின் மேற்பரப்பில் எழும் திரிபோ, தடிமனை வளைவு ஆரத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைப்பது. இதில் அகலம் வருவதே இல்லை. இந்த ஒரு செய்தியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஒரு மரம் யூவைப் போல அமுக்கத்தைத் தாங்காது என்று வைத்துக்கொள்வோம். தடிமனைப் பத்து விழுக்காடு குறைத்தால், அதே வளைவில் திரிபும் பத்து விழுக்காடு குறையும். ஆனால் விறைப்பு 0.729 பங்காக வீழ்ந்துவிடும். அதை ஈடுசெய்ய அகலத்தை ஏறத்தாழ 37 விழுக்காடு கூட்ட வேண்டும். கூட்டினால் வில்லின் வலிமை பழையபடி வந்துவிடும், மரமும் நசுங்காது. நீளத்தைச் சற்றுக் கூட்டினால் இன்னும் நல்லது. அதே அளவு நாணை இழுத்தாலும் வளைவு குறையும்.

ஆங்கில நெடுவில்லின் உருவம் இதற்கு நேர்மாறானது. ஒடுக்கமாகவும் தடிப்பாகவும், வயிற்றுப்பக்கம் உருண்டும் இருக்கும். உருண்ட வயிற்றின் முகட்டில் இருக்கும் சில நார்களே அமுக்கத்தின் பெரும்பகுதியைச் சுமக்கின்றன. யூ அதைத் தாங்கும். ஆஷைக் கொண்டுவந்து அதே அச்சில் வார்த்தாற்போலச் செதுக்கினால், முகட்டில் நார்கள் நொறுங்கி மெல்லிய குறுக்குக் கோடுகள் விழும். நாணைக் கழற்றிய பின்பும் வில் நிமிராமல் வளைந்தே நிற்கும். உடனே ஆஷ் ஆகாது என்பார்கள். ஆகாதது ஆஷ் அல்ல, யூவுக்கென்று தைத்த சட்டையை ஆஷுக்கு மாட்டியதுதான். 1930-களில் கிளாரன்ஸ் ஹிக்மன் முதலிய அமெரிக்க இயற்பியலாளர்கள் கணக்கிட்டும் அளந்தும் பார்த்துத் தட்டையான வில்லுக்கு ஆதரவாகப் பேசினர். டென்மார்க்கில் ஹோல்மகார்ட் சதுப்பில் 1944-இல் அகழ்ந்தெடுத்த, ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆண்டுப் பழமையான விற்கள் எல்ம் மரத்தாலானவை. அகன்ற கைகள் உடையவை. ஹிக்மன் தாளில் கண்டதைக் கற்கால மனிதன் கையால் கண்டிருக்கிறான்.

‘அகலமாக்கித் தட்டையாக்கினால் அது ஆங்கில நெடுவில் ஆகாதே’ என்று நண்பர்கள் வினவலாம். நியாயமான வினா. பெயர் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஓர் எல்லையும் வேண்டும். ஆனால் அந்த எல்லையை மரத்தில் வைக்க வேண்டாம், வடிவத்தில் வைக்கலாம். பிரிட்டனின் வில்வித்தைப் போட்டி விதிகள் அப்படித்தான் செய்கின்றன. வில்லின் எந்த இடத்திலும் தடிமன், அகலத்தில் எட்டில் ஐந்து பங்குக்குக் குறையக் கூடாது. மரம் எதுவாகவும் இருக்கலாம், ஒட்டுப்பலகையாகவும் இருக்கலாம். இது எனக்கு நேர்மையான விதியாகப் படுகிறது. எட்டில் ஐந்து என்னும் அந்த எல்லைக்குள் மரத்துக்கேற்ப மாற்றிக்கொள்ள இடம் நிறைய உண்டு.

எப்படி? ஹிக்கரி இழுவிசையில் மிக வலியது, அமுக்கத்தில் அவ்வளவு இல்லை. எனவே அதன் முதுகை வயிற்றைவிட ஒடுக்கமாக இழைப்பார்கள். இழுபடும் பக்கம் குறைந்த மரமும், அமுங்கும் பக்கம் மிகுந்த மரமும் நின்று சுமை நேராகும். அல்லது ஹிக்கரியை மெல்லிய பட்டையாக அறுத்து முதுகில் ஒட்டி, வயிற்றுக்கு லெமன்வுட் போன்ற வேறு கட்டையை வைப்பார்கள். யூ தன் உடலுக்குள்ளேயே வைத்திருந்த ஏற்பாட்டை இவர்கள் பசையால் செய்துகொள்கிறார்கள். இக்காலத்தில் முதுகுக்கு மூங்கில் பட்டையும், வயிற்றுக்குத் தென் அமெரிக்க ஈப்பே மரமும் ஒட்டிச் செய்யும் விற்கள் பெயர் பெற்றவை. ஈப்பே தண்ணீரில் மூழ்கும் அளவு கனமான மரம்.

கூடுதல் அகலத்துக்கும் நீளத்துக்கும் விலை உண்டு என்பதையும் மறைக்க வேண்டாம். வில்லின் கைகள், அதிலும் நுனிகள், கனத்தால் நாணை விட்டதும் தம்மைத் தாமே இழுத்துச் செல்லவே ஆற்றலைச் செலவிடும். அம்புக்குப் போவது குறையும். ஆகவே நடுப்பகுதியில் அகலம் கொடுத்து நுனியை ஊசிபோல ஒடுக்க வேண்டும். ஆஷ் வில்லாயின், செதுக்கி முடித்தபின் வயிற்றுப்பக்கத்தை மட்டும் தணலுக்கு மேல் மெல்ல வாட்டுவதும் உண்டு. நிறம் பழுப்பேறும்வரை சூடு ஏறினால் அப்பக்கம் இறுகி அமுக்கத்தை முன்னிலும் நன்றாகத் தாங்கும். முதுகில் சூடு படக் கூடாது. பட்டால் அடுத்த இழுப்பில் வில் இரண்டாகும். வாட்டிய வில்லைச் சில நாள் நிழலில் சும்மா வைத்திருந்து, காற்றின் ஈரத்தை மறுபடி ஓரளவு குடித்த பிறகே நாண் ஏற்றுகிறார்கள்.