சுவருக்கு வெள்ளையடிக்குமுன்

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைச் செய்துபார்' என்று கூறிய நம் முன்னோர், 'வீட்டை விற்றுப்பார்' என்று சேர்க்காமல் விட்டனர். அவர்கள் மும்பையில் குடியேறவில்லை என்பதே அதற்குக் காரணமாய் இருக்கவேண்டும்.

மழைக்காலம் முடிந்து சுவர்கள் உலர்ந்ததும் தரகர்களின் நடமாட்டம் மிகுகிறது. வீட்டை விற்க எண்ணுவோர் முதலில் வெள்ளையடிக்க ஆள் தேடுகின்றனர். அது தவறன்று, ஆனால் நீர்க்கசிவை நிறுத்தாமல் அதன்மேல் வர்ணம் பூசுவது வீண் செலவு. இவ்வூரில் வீடு பார்க்க வருகிறவர், குளியலறையை ஒட்டிய சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்த பின்னரே விலையைப் பற்றிப் பேசுகிறார். கட்டடம் 30 ஆண்டுகளைக் கடந்ததாயின், அதன் உறுதியைப் பொறியாளர் சோதித்த அறிக்கையையும் கேட்கிறார். சுவரைப் பற்றி இவ்வளவு போதும். நான் சொல்ல வந்தது பெட்டிக்குள் இருக்கும் காகிதங்களைப் பற்றி.

செம்பூரில் என் பெரியப்பா 1978ஆம் ஆண்டில் வாங்கிய வீட்டைப் பெரியம்மா 2022இல் விற்க முனைந்தார். மூன்று மாடி ஏறும் வலிமை அவருக்கு இல்லை. ஊருக்குத் திரும்ப எண்ணிக் கல்லிடைக்குறிச்சியில் ஒரு சிறு வீட்டுக்கு அச்சாரமும் கொடுத்துவிட்டார். செம்பூர் வீட்டுக்கு வெள்ளையடித்தாயிற்று, வாங்குபவரும் அமைந்தார். அப்பொழுதுதான் அவருக்குக் கடன் தரவிருந்த பாங்கியார் சொஸைட்டியின் ஷேர் சர்ட்டிபிகேட்டைக் கேட்டனர். அதில் 2011இல் காலமான பெரியப்பாவின் பெயரே இருந்தது! பதினோரு ஆண்டுகளாக மாதப் பணம் தவறாமல் கட்டிய குடும்பத்தில், பெயரை மாற்றவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நாமினி நான்தானே, நான் கையெழுத்திட்டால் போதாதா?" என்றார் இளைய அண்ணன். நம்மவரிடையே மிகப் பரவியுள்ள தவறான எண்ணம் இது. நான் பணிபுரியும் பார்சல் ஆபீஸில், ரசீதைக் காட்டிச் சரக்கை எடுத்துச் செல்கிறவர் எல்லோரும் அச்சரக்குக்கு உடையவர் அல்லர். பலர் முதலாளிக்காகப் பெற்றுச் செல்கின்றனர். நாமினியும் அத்தகையவரே. உறுப்பினர் இறந்தால் சொஸைட்டி நாமினியின் பெயருக்கு மாற்றித் தரவேண்டும் என்றும், அதனால் வாரிசுகளின் பாத்தியதை அழிந்துவிடாது என்றும் உச்ச நீதிமன்றம் 2016இல் ஒரு வங்காள வழக்கில் தீர்ப்பளித்தது. மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சட்டத்தில் 2019இல் செய்யப்பட்ட திருத்தம் நாமினியைத் தற்காலிக உறுப்பினர் என்றே குறிப்பிடுகிறது.

அப்படியாயின் உரிமை யாருக்கு? உயில் எழுதாமல் இறந்த இந்து ஆடவரின் சுயார்ஜித சொத்து, 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மக்கள், தாய் ஆகியோருக்குச் சம பங்காகச் சேரும். பெரியப்பாவின் தாயார் முன்னரே இறந்துவிட்டார். ஆகவே பெரியம்மா, இரண்டு மகன்கள், கோவையில் வாழும் மகள் ஆகிய நால்வருக்கும் கால் பங்கு வீதம்.

அங்கேதான் சிக்கல் எழுந்தது. "வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ" என்று அக்காளுக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். எதற்குக் கையெழுத்து என்று அவள் கேட்டாள். விடுதலைப் பத்திரத்துக்கு என்றார்கள். அவள் வரவில்லை. எட்டு மாதம் கடந்தது. வாங்க வந்தவர் முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு வீடு பார்த்துக்கொண்டார். கல்லிடைக்குறிச்சி அச்சாரமும் போயிற்று. பெரியம்மா அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மூன்று நாள் சரியாக உண்ணவும் இல்லை.

அக்காளுக்குப் பேராசை என்று உறவினர் சிலர் பேசினர். நான் அதற்கு உடன்படவில்லை. பங்கை மனமுவந்து விட்டுக்கொடுப்பது வேறு. எதை விடுகிறோம் என்றே சொல்லாமல் கையெழுத்து வாங்குவது வேறு. கால் பங்கு அவளுக்கும் உண்டு என்பதை எழுதி, விற்பனைப் பத்திரத்தில் அவளையும் ஒரு விற்பனையாளராகச் சேர்ப்பது என்று முடிவானதும் அவள் அடுத்த ரயிலிலேயே வந்து சேர்ந்தாள்.

எல்லோர் வீடும் சொஸைட்டி வீடு அன்று. மாதுங்காவின் பழைய கட்டடங்களில் பகடி முறையில் இருப்போர் விற்பது வீட்டை அன்று. குடியிருப்பு உரிமையை மட்டுமே. 1947ஆம் ஆண்டுச் சட்டம் பகடி வாங்குவதைத் தடைசெய்திருந்ததால் அது மறைவில் நடந்தது. 1999ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அதை அனுமதித்துவிட்டது. ஆயினும் வீட்டுக்காரரின் சம்மதமும் அவருக்குரிய பங்கும் இன்றிக் கைமாறாது. ஆகவே பழைய வாடகை ரசீதுகளை அடுக்கிவைத்து, முதலில் அவரிடம் பேசவேண்டும். தரகரிடம் பிறகு பேசலாம்.

தாராவி அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததை நிரூபிப்போருக்கு, அங்கேயே 350 சதுர அடி வீடு இலவசமாக அளிப்பதாகப் புனரமைப்புத் திட்டம் கூறுகிறது. அப்பழைய காகிதம்தான் உங்கள் சொத்து. விலை பேச வருகிறவரிடம் அதன் அசலைக் கொடுத்தனுப்பாதீர்கள்.

செம்பூருக்குத் திரும்புவோம். புதிதாய் வாங்க வந்தவர் ஒரு பகுதியை ரொக்கமாகத் தருவதாகச் சொன்னார். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது 2015 ஜூன் முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. பெற்ற தொகை அளவுக்கே அபராதம் விதிக்கலாம். பெரியம்மா காசோலைதான் வேண்டும் என்றார். சொஸைட்டி பெயர்மாற்றத்துக்கு 25,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை கேட்கக்கூடாது என்ற 2001ஆம் ஆண்டு அரசாணை அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கிய வீடாதலால், லாபத்தின்மீதான வரிக்கு அவ்வாண்டு மதிப்பையே அடக்கவிலையாகக் கொள்ளலாம் என்று கணக்கர் சொன்னார். அதற்காக அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் சான்றும் பெற்றோம்.

2023இல் பதிவு அலுவலகத்தில் நால்வரும் கையெழுத்திட்டனர். 1978இல் இரண்டு கூலியாட்கள் மூன்றாம் மாடிக்குத் தூக்கி வந்த ஆட்டுக்கல்லைக் கீழே இறக்க மட்டும் எவரும் முன்வரவில்லை. வாங்கியவரின் மனைவி குஜராத்திக்காரர். அது என்னவென்று கேட்டார். பெரியம்மா நாற்பது ஆண்டுகளில் கற்ற மராட்டியில் அரை மணி நேரம் விளக்கினார்.