குதிரையை மட்டுமா பார்த்தோம்?

சேலத்தில் பிறந்த எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மறைந்தபோது, நம் பகுதி அன்பர்கள் பலர் ‘விடாது கருப்பு’ தொடரை நினைவுகூர்ந்தனர். நாகா இயக்கி, 1997இல் சன் தொலைக்காட்சியில் வந்த தொடர் அது. குளம்பொலி கேட்டதும் போர்வைக்குள் ஒளிந்ததை இன்றும் பெருமையாகச் சொல்கின்றனர். ஊர் எல்லையில் கருப்பனாரின் குதிரையைக் கண்டு வளர்ந்த சேலம், நாமக்கல் மக்களுக்கு அவ்வச்சம் இயல்பே. அதை நான் பழிக்கவில்லை.

ஆனால் கதை எப்படி முடிந்தது? கொன்றது தெய்வமும் அன்று, பேயும் அன்று. இளமையில் பட்ட காயத்தால் மனம் பிளவுண்டு, தன் செயலைத் தானே அறியாத ஒருவன்! அவனுக்காக அழுததாக எந்த இரசிகரும் சொல்லி நான் கேட்டதில்லை. மூடநம்பிக்கை என்று தொலைக்காட்சிப் பெட்டியை அணைத்த நம் பெரியவர்களோ (அவர்களுக்கு எதிலும் அவசரம்) முடிவையே பார்க்கவில்லை.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். நாம் திருந்திவிட்டோமா? மகன் தனியே பேசினால் பேயோட்டுபவரைத் தேடி ஊர் ஊராய் அலைகிறோம். சேலம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லத்தான் வெட்கப்படுகிறோம்.