விசிலடிக்க முதல் கொஞ்சம் யோசிப்போம்



நாம் சினிமா விமர்சகர்கள் அல்ல. லீவு நாளில் பொழுதுபோக்குக்குப் படம் பார்க்கிறவர்கள்தான். ஆனாலும் இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

2012இல் துப்பாக்கி. பத்து வருடம் கழித்து, 2022 ரமழான் மாதத்தில் பீஸ்ட். இரண்டிலும் நாயகன் விஜய். இரண்டிலும் தீவிரவாதி முஸ்லிம். இரண்டுக்கும் விசிலடித்தவர்களில் நாமும் இருந்தோம்.

"படம்தானே" என்கிறார்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு பட்டதை மறந்துவிட்டோமா? அரபு எழுத்துள்ள கிதாபை வீட்டில் வைத்திருக்கவே பயந்தோம். ஹஸலகையில் ஒரு சகோதரியின் உடுப்பில் இருந்த கப்பல் சுக்கானைத் தர்மச்சக்கரம் என்று சொல்லிச் சிறையில் போட்டார்கள். அந்தச் சந்தேகப் பார்வை தமிழ்ப் படத்தால் வந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதே கண்ணாடியைக் காசு கொடுத்து வாங்கி நம் பிள்ளைகளுக்கே மாட்டிவிடுகிறோமே, அது நியாயமா?

தடை கேட்டுக் கத்துவதும் தீர்வல்ல. குவைத்தும் கத்தாரும் பீஸ்ட்டைத் தடை செய்தன. மற்ற இடங்களில் படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

2021இல் வந்த மாநாடு படத்தின் நாயகன் பெயர் அப்துல் காலிக். முஸ்லிம்கள் மீது பழிபோடும் சதியைத் தடுப்பதே அவன் வேலை. அந்தப் படமும் நன்றாக ஓடியது. ஆக, இப்படியும் எடுக்கலாம்.

நல்லதற்கு டிக்கட் எடுப்போம். மற்றதற்கு முதல் நாள் வரிசையில் நிற்காதிருப்போம். பார்த்துவிட்டு வரும் பிள்ளையிடம், "குண்டு வைக்கிறவனுக்கு மட்டும் ஏன் நம்முடைய பெயர்?" என்று கேட்போம்.

சிந்திப்போம் சகோதரர்களே.