பாட்டி பெட்டியில ரகசிய அறை போடலாமா? போடலாம். ஆனா உள்ள என்ன வைக்கப் போறீங்க?



போன வீடியோ எமர்ஜென்சி ஃபண்ட் பத்தி. அதுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல ஒண்ணு என்னை ரொம்ப யோசிக்க வச்சுது. கேட்டவர் திருவொற்றியூர்க்காரர், மணலி பக்கம் ஒரு கம்பெனியில ஷிஃப்ட் வேலை.

"அண்ணா, எங்க பாட்டியோட பழைய தேக்குப் பெட்டி ஒண்ணு வீட்ல இருக்கு. அடிப்பலகைக்கு மேல இன்னொரு பலகை போட்டு, நடுவுல ரகசிய அறை செஞ்சு தர்றேன்னு ஆசாரி சொல்றாரு. ரெண்டு லட்சம் எமர்ஜென்சி பணமும் அம்மா நகையும் அதுல வச்சிடலாமா? லாக்கர் வாடகை மிச்சம்தானே?"

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். அறை தாராளமா போடுங்க. ஆனா ரெண்டு லட்சத்தையும் நகையையும் அதுல வைக்காதீங்க. திருடன் கண்டுபிடிச்சிடுவான்கிறது என் முதல் பயம் இல்ல. உங்க வீட்டு ஆளுங்களே கண்டுபிடிக்க முடியாம போயிடுமோங்கிறதுதான் பெரிய பயம்.

வரட்டிக்குள்ள ரத்தினம்

திருவொற்றியூர்ல இருக்கறவங்களுக்குப் பட்டினத்தார் கோயில் தெரியும். கடற்கரையோரம் அவர் சமாதி. துறவி ஆகறதுக்கு முன்னாடி அவர் காவிரிப்பூம்பட்டினத்துப் பெரிய வணிகர்னு கதை சொல்லும். வளர்ப்பு மகன் மருதவாணன் கப்பல்ல வியாபாரத்துக்குப் போயிட்டு, மூட்டை மூட்டையா எருவரட்டியோட திரும்பி வர்றான். அப்பாவுக்குக் கோபம். ஒரு வரட்டியைத் தூக்கி எறியறாரு, உள்ளேருந்து ரத்தினம் சிதறுது. அதுக்குள்ள மகன் போயிட்டான். அவன் விட்டுட்டுப் போன சின்னப் பெட்டியில ஒரு காதறுந்த ஊசியும் ஒரு ஓலையும்தான் இருந்துச்சு.

இந்தக் கதையை எல்லாரும் துறவுக்காகச் சொல்லுவாங்க. நம்ம பண விஷயத்துக்கு இதுல இன்னொரு பாடம் இருக்கு. ஒளிச்சு வச்சது நல்லாத்தான் ஒளிஞ்சிருந்துச்சு. வளர்த்த அப்பாவுக்கே அது தெரியாததால, செல்வத்தைக் குப்பைன்னு நினைச்சுத் தூக்கி எறிஞ்சாரு.

இன்னிக்கு அதே விஷயம் காயலாங்கடையில நடக்கலாம். பெட்டிக்குள்ள அறை இருக்கறது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, "இந்தப் பழைய பெட்டி இடத்தை அடைக்குது"ன்னு வீட்ல யாராவது வந்த விலைக்குத் தள்ளிடுவாங்க. மரத்துக்கு மட்டும் விலை கிடைக்கும்.

தண்ணி முதல்ல வர்ற இடம்

அடுத்தது நம்ம ஏரியா பிரச்சினை. பெட்டியோட அடியில அறைன்னா, அது தரையிலேருந்து ரெண்டு மூணு அங்குலம் உயரத்துல இருக்கும். 2023 டிசம்பர் 3, 4 தேதிகள்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ வடசென்னையில எவ்வளவு தண்ணி நின்னுச்சுன்னு நான் சொல்லத் தேவையில்ல. எர்ணாவூர், எண்ணூர் பக்கம் சில வீடுகளுக்குள்ள எண்ணெய் கலந்த தண்ணியே புகுந்துச்சு. அந்த மாதிரி நாள்ல உங்க வீட்டோட மொத்த சேமிப்பும் வீட்லயே தாழ்வான இடத்துல கிடக்கும். அவசரத்துல துணியை எடுப்பீங்க, கேஸ் சிலிண்டரைத் தூக்குவீங்க, தேக்குப் பெட்டியை யாரு தூக்குவா?

நனைஞ்ச, கிழிஞ்ச நோட்டை வங்கியில மாத்தலாம், உண்மைதான். ஆனா ரிசர்வ் வங்கி விதிப்படி 50 ரூபாயும் அதுக்கு மேலயும் உள்ள நோட்டுல 80 சதவீதத்துக்கு மேல பரப்பு இருந்தாத்தான் முழு மதிப்பு. 40லேருந்து 80 வரைக்கும் இருந்தா பாதி. அதுக்குக் கீழே போனா ஒண்ணும் கிடையாது. கரையான் இந்த சதவீதக் கணக்கெல்லாம் பார்த்துச் சாப்பிடாது.

நோட்டு செல்லாதுன்னு சொன்னா?

வடசென்னைக்கு இது நல்லாத் தெரிஞ்ச கதை. 1964 மே மாசம் பர்மா அரசு 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதுன்னு அறிவிச்சுது. அந்தக் காலகட்டத்துல கடையையும் வீட்டையும் விட்டுட்டுக் கப்பல் ஏறி வந்த தமிழர்கள்தான் எண்ணூர், வியாசர்பாடி பக்கம் குடியேறினாங்க. பீச் ஸ்டேஷன் எதிர்ல பர்மா பஜார் அவங்களுக்காக வந்ததுதான். பெட்டியில எவ்வளவு பத்திரமா பூட்டி வச்சிருந்தாலும், ஒரே அறிவிப்புல நோட்டு வெறும் காகிதம் ஆயிடுச்சு.

நம்ம ஊர்ல 2016 நவம்பர் 8. அதைவிட எனக்கு வலிச்சது மூணு வருஷம் கழிச்சு, 2019 நவம்பர்ல வந்த ஒரு செய்தி. திருப்பூர் மாவட்டத்துல வயசான அக்கா தங்கச்சி ரெண்டு பேர். வைத்தியத்துக்கும் இறுதிச் சடங்குக்கும்னு யாருக்கும் சொல்லாம 46,000 ரூபாய் சேர்த்து வச்சிருந்தாங்க. ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டப்போ எடுத்துக் கொடுத்தா, எல்லாம் பழைய 500, 1000 ரூபாய் நோட்டு. செல்லாதுன்னு அறிவிச்சதே அவங்களுக்குத் தெரியல. வீட்ல ஒருத்தருக்காவது இந்தப் பணம் இருக்கறது தெரிஞ்சிருந்தா, 2016 டிசம்பர் 30க்குள்ள வங்கியில போட்டிருப்பாங்க. அவங்க பணத்தைத் திருடன் எடுக்கல. ரகசியம்தான் எடுத்துச்சு.

சிறுவாட்டுக்கு ஒரு மரியாதை

இங்க ஒரு நியாயமான எதிர்வாதம் இருக்கு. நம்ம அம்மாக்கள், பாட்டிகள் அரிசி டப்பாவுலயும் பெட்டி அடியிலயும் சிறுவாடு சேர்த்தது முட்டாள்தனமா? இல்லவே இல்ல. நிறைய வீட்ல அவங்க ஒளிச்சது திருடன்கிட்டேருந்து இல்ல. குடிக்கக் காசு கேட்கற கணவன்கிட்டேருந்தும் கடன் கேட்டு வர்ற சொந்தக்காரங்ககிட்டேருந்தும்தான். அந்தப் பணம்தான் பல பேருக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டியிருக்கு.

அந்த ரகசியத்துக்கு இன்னிக்கும் மரியாதை உண்டு. ஆனா அதுக்கு மரப்பெட்டி தேவையில்ல. அம்மா பேர்ல மட்டும் ஒரு போஸ்ட் ஆபீஸ் சேமிப்புக் கணக்கு போதும். 500 ரூபாய்ல தொடங்கலாம், 4 சதவீத வட்டி. பாஸ்புக் அவங்க கையில, நாமினி அவங்க நம்பற ஆள். அப்போ யாருக்குத் தெரியணும், யாருக்குத் தெரியக் கூடாதுன்னு முடிவு பண்றது அவங்கதான்.

லாக்கர் வாடகை மிச்சமா?

இப்போ கணக்கு. ரெண்டு லட்சம் ரொக்கத்தை வங்கி டெபாசிட்ல 6 சதவீதம்னு போட்டாலும் வருஷத்துக்கு 12,000 ரூபாய் வட்டி. லாக்கர் வாடகை வருஷம் 2,000னு வச்சுக்கோங்க. 2,000 மிச்சம் பிடிக்கறேன்னு 12,000ஐ விடறீங்க. வங்கி டெபாசிட்டுக்கு ஒரு ஆளுக்கு ஒரு வங்கியில 5 லட்சம் வரைக்கும் காப்பீடும் இருக்கு. பெட்டிக்கு அது கிடையாது.

நகைக்கு லாக்கர்தான் என் சாய்ஸ். அதே நேரம் லாக்கர்னா நூறு சதவீதம் பத்திரம்னு நான் சொல்ல மாட்டேன். 2022 ஜனவரி 1லேருந்து நடைமுறையில இருக்கற ரிசர்வ் வங்கி விதிப்படி தீ, திருட்டு, கட்டடம் இடியறது, ஊழியர் மோசடி இதுக்கெல்லாம் வங்கியோட பொறுப்பு ஆண்டு வாடகையில 100 மடங்கு வரைக்கும்தான். 2,000 வாடகைன்னா அதிகபட்சம் 2 லட்சம். இன்னிக்கு 2 லட்சத்துக்கு எத்தனை பவுன் வரும்னு நகைக்கடையில கேட்டுப் பாருங்க. வெள்ளம், நிலநடுக்கம் மாதிரி இயற்கைச் சேதத்துக்கு வங்கி பொறுப்பில்ல. லாக்கர்ல ரொக்கம் வைக்கவும் கூடாது.

வீட்லயே நகை வச்சாகணும்னா பாரத் கிருஹ ரக்ஷா மாதிரி ஒரு வீட்டுக் காப்பீட்டைப் பாருங்க. நகைக்கான கவரைத் தனியா கேட்டுச் சேர்க்கணும். சாதாரணத் திருட்டுக்குக் கவர் இருக்கான்னு தனியா கேளுங்க. ரொக்கத்துக்கு அதுல பாதுகாப்பு கிடையாதுங்கறதையும் மனசுல வைங்க.

உங்க பாக்கெட்ல இருக்கற ரகசிய அறை

இப்போதான் நான் முக்கியமா சொல்ல வந்த விஷயம். பாட்டி பெட்டிக்கு அறை போடறதுக்கு முன்னாடி, உங்க ஃபோனைக் கையில எடுங்க. சம்பளக் கணக்கு, எஸ்ஐபி, டீமேட், டிஜிட்டல் கோல்டு, நண்பனுக்குக் கொடுத்த கைமாத்து, எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. திறக்க உங்க கைரேகை வேணும். பாட்டியோட பெட்டியையாவது உடைச்சுப் பார்க்கலாம். இதை உடைக்கவும் முடியாது, இதுக்குள்ள என்ன இருக்குன்னு வீட்ல யாருக்கும் தெரியவும் தெரியாது.

பிஎஃப் இருக்கற ஊழியர் வேலையில இருக்கும்போதே இறந்தா, குடும்பத்துக்கு இடிஎல்ஐ திட்டத்துல 7 லட்சம் வரைக்கும் கிடைக்கும். அதுக்காக உங்க சம்பளத்துல தனியா பிடிக்கறதில்ல, கம்பெனிதான் கட்டுது. உங்க அப்பா அம்மாவுக்கு இந்தப் பேராவது தெரியுமா? கம்பெனி எடுத்துக் கொடுத்த குரூப் இன்ஷூரன்ஸ், சம்பளக் கணக்கோட சில வங்கிகள் தர்ற விபத்துக் காப்பீடு, இதெல்லாம் தெரியுமா? 10 வருஷம் யாரும் தொடாத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கியோட ஒரு நிதிக்குப் போயிடுது. அதைத் தேடறதுக்குன்னே 2023 ஆகஸ்ட்ல உத்கம்னு ஒரு இணையதளம் தொடங்கினாங்க. அப்படி ஒரு தளமே தேவைப்படுதுன்னா, எத்தனை பேர் சொல்லாமலே போயிருக்காங்கன்னு பாருங்க.

சரி, அறை போடறதா இருந்தா

இவ்வளவு சொன்ன பிறகும் போடுங்கன்னுதான் சொல்றேன். ஏன்னா புயல் நாள்ல கரண்ட் போகும், டவர் போகும், ஜிபே வேலை செய்யாது. பால்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் நோட்டுதான் தரணும்.

* அடியில வேண்டாம். மூடியோட உள்பக்கமோ பக்கப்பலகையோட மேல்பாதியோ நல்லது.
* ரொம்ப ஆழமா வேண்டாம். வெளி அளவுக்கும் உள் அளவுக்கும் வித்தியாசம் அதிகமானா, தட்டிப் பார்க்கறவனுக்குச் சத்தமே காட்டிக் கொடுத்துடும்.
* பழைய தேக்கை வெட்டாதீங்க, துளை போடாதீங்க. கழட்டி மாட்டற மாதிரி மெல்லிசு பலகை போதும். இதை நீங்களே செஞ்சா வெளியாள் யாருக்கும் தெரியாது.
* கடல் காத்துக்கு இரும்பு துரு பிடிக்கும். பித்தளைக் கீல் போடுங்க. உள்ள வைக்கற எதையும் ஜிப் கவர்ல போட்டு, ஈரம் உறிஞ்சற சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒண்ணு சேர்த்து வைங்க.
* ரொக்கம் 10,000லேருந்து 15,000க்குள்ள, 100, 200 ரூபாய் நோட்டுகளா. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்துச் செலவு பண்ணிட்டு புதுசு வைங்க.
* அதோட ஒரு தாள். எந்த வங்கி, எந்தக் கிளை, பிஎஃப் யுஏஎன் நம்பர், பாலிசிகள், எஸ்ஐபி, யார்கிட்ட கடன், யாருக்குக் கடன், ஒவ்வொண்ணுக்கும் நாமினி யாரு. பாஸ்வேர்டும் பின் நம்பரும் அதுல எழுதவே கூடாது.

கடைசியா, அந்த அறை இருக்கற இடம் உங்களைத் தவிர இன்னொருத்தருக்குத் தெரிஞ்சே ஆகணும். அம்மா, மனைவி, கணவன், தங்கச்சி, யார்கிட்ட சொல்றதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க. யாருமே இல்லாத ரகசியமா மட்டும் விட்டுடாதீங்க.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. இபிஎஃப்ஓ தளத்துல இ-நாமினேஷன் போட்டிருக்கான்னு பாருங்க. வங்கிக் கணக்குல நாமினி பேர் சரியான்னு பாருங்க. 2025 நவம்பர் 1லேருந்து நாலு பேர் வரைக்கும் போடலாம், கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட பேரை மாத்தவும் இதுதான் நேரம். அப்புறம் அந்தத் தாளை எழுதுங்க. எழுதி முடிச்சுட்டு, நம்பற ஆளைப் பக்கத்துல உட்கார வச்சு ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க. ஆசாரிக்கு அட்வான்ஸ் கொடுக்கறதை அடுத்த வாரம் பார்த்துக்கலாம்.