மின்சாரத்துக்கும் இரண்டு கடையா?

பருப்பு கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். மின்சாரத்துக்கோ ஒரே கடை. ஒரே ஊரில் பல நிறுவனங்கள் மின்சாரம் விற்க வழிசெய்யும் மசோதா 2022 ஆகஸ்டில் மக்களவைக்கு வந்து, நிலைக்குழுவோடு நின்றது. 2025 அக்டோபரில் மத்திய அரசு மறுபடியும் ஒரு வரைவை வெளியிட்டது.

மும்பைக்காரர்கள் இதை முன்பே பார்த்தவர்கள். டாடா நிறுவனமும் வீடுகளுக்கு விற்கலாம் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009 முதல் புறநகர்வாசிகள் ரிலையன்ஸ் கம்பி வழியாகவே டாடா மின்சாரம் வாங்கினர். விலை குறைவென்று ஏராளமானோர் மாறினர். ஆனால் கம்பிக்கு வாடகை உண்டே! 2011-இல் மாறியவர்கள் தலையில் மேல்கட்டணமும் ஏறியது. காரணம் நமக்குப் புரியாததல்ல. அதிகம் ஓட்டுபவர் கூடுதலாகக் கொடுப்பதில்தான் ஒற்றை விளக்கு வீட்டுக்கு விலை குறைகிறது. அவர் போய்விட்டால் பழைய கடைக்காரர் என்ன செய்வார்?

போட்டியே வேண்டாம் என்பவர் வியாபாரியே அல்ல. ஆனால் வருகிறவர் சிவகாசி அச்சகங்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு, தாயில்பட்டிப் பட்டாசுத் தொழிலாளி வீட்டை மின்வாரியத்துக்குத் தள்ளிவிட்டால்? 2016-இல் வந்த 100 யூனிட் இலவசத்தில் மிஞ்சிய காசுதான் நம் கடையில் அரிசியாக, எண்ணெயாக விற்கிறது.

ஆகவே இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் நம் சங்கம் கேட்க வேண்டும்: கம்பி வாடகை, மேல்கட்டணம் எல்லாம் சேர்த்து யூனிட் என்ன விலை? கேட்கிற எல்லா வீட்டுக்கும் கொடுப்பீர்களா?