பரீட்சை மாறாமல் விஞ்ஞானம் வளராது

விஞ்ஞானம் என்பது நெட்டுருப் போட்டு ஒப்புவிக்க வேண்டிய பாடமா? அல்லது கையால் செய்து, கண்ணால் கண்டு தெளிய வேண்டிய வித்தையா? இக்கேள்விக்கு நமது தேசம் சொல்லில் ஒரு விடையும் செயலில் வேறொரு விடையும் அளித்து வருகிறது.

1966-ம் வருஷம் கோத்தாரி கமிஷன், பள்ளிப் படிப்பின் முதல் பத்து வருஷங்களில் விஞ்ஞானமும் கணிதமும் எல்லா மாணவர்களுக்கும் கட்டாய பாடங்களாக இருக்கவேண்டுமென்று சிபார்சு செய்தது. விஞ்ஞான மனப்பான்மையையும் ஆராயும் உணர்ச்சியையும் வளர்ப்பது பிரஜையின் கடமையென 1976-ல் அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டது. சொல்லுக்குக் குறைவில்லை. ஆனால், பிராணவாயு தயாரிக்கும் முறையைப் படம் வரைந்து பாகங்களைக் குறித்து முழு மார்க்கு வாங்கும் சிறுவர்களில், அந்தக் குழாயைக் கையால் தொட்டவர் எத்தனை பேர்?

ஏழைத் தேசத்தில் இதற்குமேல் என்ன செய்ய முடியும் என்று கேட்பாருக்கு ஹோஷங்காபாத் பதில் சொல்கிறது. மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையிலுள்ள அந்த ஜில்லாவில், கிஷோர் பாரதி, ரசூலியா பிரெண்ட்ஸ் கிராமிய நிலையம் என்னும் இரு ஸ்தாபனங்கள், சர்க்கார் அநுமதியுடன் 1972-ல் 16 பாடசாலைகளில் ஒரு புது முறையைத் தொடங்கின. டில்லி சர்வகலாசாலை ஆசிரியர்களும் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளும் துணை நின்றனர். 6 முதல் 8 வரையுள்ள வகுப்புப் பிள்ளைகள் சிறு சிறு குழுக்களாகக் கூடி, எளிய சாமான்களைக் கொண்டு தாங்களே பரிசோதனை செய்தார்கள். வயல்வெளிக்குச் சென்று செடியையும் பூச்சியையும் ஆராய்ந்தார்கள். அவர்களுடைய பாடப்புஸ்தகம் விடைகளை அடுக்கவில்லை, வினாக்களை எழுப்பியது. 1978-ல் ஜில்லா முழுவதும் பரவிய இத்திட்டத்தை, 1982-ல் தோன்றிய ஏகலவ்யா ஸ்தாபனம் மேலும் வளர்த்தது. நாளடைவில் பல ஜில்லாக்களில் சுமார் 1000 பாடசாலைகளை அது எட்டியது.

இதன் உயிர்நிலை எது? பரீட்சையையும் மாற்றியதுதான். மாணவன் புஸ்தகத்தையும் தன் குறிப்பேட்டையும் திறந்து வைத்துக்கொண்டே விடை எழுதலாம். செய்முறைச் சோதனையும் தனியே உண்டு. புஸ்தகம் கையில் இருப்பவனிடம் மனப்பாடத்தைக் கேட்டுப் பயனில்லை. யோசனையைத்தான் கேட்க முடியும். உபாத்தியாயரும் அதற்குத் தக்கபடியே போதித்தாகவேண்டும்.

முப்பது வருஷம் வளர்ந்த இம்மரத்தை 2002-ல் ராஜ்ய சர்க்கார் ஒரே உத்தரவினால் வெட்டி வீழ்த்தியது. இம்முறையில் பயின்றவர்கள் மேல்வகுப்புப் பொதுப் பரீட்சையில் பின்தங்குவார்கள் என்பது ஆட்சேபம். மகனுடைய எதிர்காலத்தை எண்ணி அஞ்சும் தகப்பனாரின் கவலையை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால், யோசிக்கப் பழகியவனைத் தள்ளி, உருப்போட்டவனைத் தூக்கிவிடும் பரீட்சை இருக்குமானால், மாற்றவேண்டியது பரீட்சையையா, பிள்ளையையா?

மனப்பாட முறையைக் கைவிடவேண்டுமென்று 2005-ம் வருஷத்துத் தேசியப் பாடத்திட்ட வரைவும் கூறிற்று. உபதேசம் போதும். ராஜ்ய சர்க்கார்கள் பொதுப் பரீட்சையின் கேள்வித்தாளிலிருந்து சீர்திருத்தத்தைத் தொடங்கட்டும். தேச சேவையில் ஈடுபட்டோர் தத்தம் ஊர்ப் பாடசாலைக்குச் சென்று, இந்த வருஷம் பிள்ளைகள் தங்கள் கையால் எத்தனை பரிசோதனை செய்தார்கள் என்று கேட்கட்டும். கேள்வி கேட்கப் பழகாத பிள்ளைகளிடமிருந்து சுதந்திர புத்தியுள்ள பிரஜைகளை எதிர்பார்ப்பது, விதைக்காத வயலில் அறுவடைக்குக் காத்திருப்பதாகும்.